ஆமாங்க சொல்லி வாங்கின கட்டில்

என் நெஞ்சுக்குள் இருக்கும் கதவு ஒன்று சரியாகச் சாத்துவதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். மேடு வந்தால் நின்று நின்று ஏறுகிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுப்பதில்லை. இடது பக்கமாகப் படுத்தால் தலையணைக்குள் யாரோ துணியைக் கும்மித் துவைப்பதுபோல் சத்தம் கேட்கிறது. மற்றபடி சோறு உண்கிறேன், பருத்திக் காலத்தில் களத்தில் உட்கார்ந்து பஞ்சு பிரிக்கிறேன். கதவு கொஞ்சமாகக் கசிந்தால் அதோடு பல வருஷம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருந்துகொண்டிருக்கிறேன்.

நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், டாக்டர் கேட்கும் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரி கோயமுத்தூரில் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குற்றம் இல்லை.

எங்கள் ஊர் அன்னூருக்குக் கிழக்கே. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வீங்கி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. சிறு பிள்ளைகளுக்கு வரும் அந்தக் காய்ச்சல், மூட்டை விட்டுப் போனாலும் நெஞ்சின் கதவைக் கெடுத்துவிட்டுப் போகும் என்பது ஐம்பது வருஷம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் இளைப்பு உண்டு, அவ்வளவுதான். இளைப்பு இல்லாத பெண் எங்கள் ஊரில் யார்?

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில், கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டிற்று. கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். மகன் சென்னியப்பன் ஓடிவந்து தூக்கினான். அவன் அப்பா போனது இப்படி உட்கார்ந்தபடியேதான். அதனால் பையன் பயந்துபோனான். உள்ளூர் வைத்தியர் மூன்று நாள் கஷாயம் கொடுத்தார். நாலாம் நாள் விடியாலே பஸ் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு நீண்ட வராண்டா. ஆணும் பெண்ணுமாகச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தகர டப்பாவில் துப்பிக்கொண்டே இருந்தார். ஒரு குழந்தை அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் திறந்து மூடியது. அத்தனை அந்நிய ஆண்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்தது இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே உச்சி வரைக்கும் இருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என் மகனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கால்சட்டையும் கழுத்தில் குழாயுமாக இருந்தார். குழாயை நெஞ்சில் வைக்கவேண்டும், துணியை விலக்கச் சொன்னார். எங்கள் வயதுப் பெண்களுக்கு ரவிக்கை போடும் வழக்கம் கிடையாது. கட்டியிருந்தது ஒற்றை வெள்ளைச் சேலை. நர்ஸம்மா ஒரு துப்பட்டியைப் பிடித்து மறைத்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். குழாய் ஜில்லென்று பட்டது. அவர் கேட்க ஆரம்பித்தார்.

“மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?”

எங்கள் ஊரில் மாடியே இல்லை. “ஆமாங்க” என்றேன்.

“படுத்தா மூச்சு முட்டுதா? எழுந்து உட்காரணும்போல இருக்கா?”

“ஆமாங்க.”

“காலு வீங்குதா?”

“ஆமாங்க.”

கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். “இப்ப வீக்கம் தெரியலையே. சாயங்காலம் வருமோ?”

“ஆமாங்க.”

நான் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய மனுஷர் ஒருவர் கேட்கும்போது இல்லை என்று சொல்வது அவரை எதிர்த்துப் பேசுவதாகும் என்று வளர்ந்தவள் நான். மாமனார் கேட்டாலும் மணியக்காரர் கேட்டாலும் எனக்கு அந்த ஒரு சொல்தான். அதோடு, ஆமாங்க என்றால் பேச்சு சீக்கிரம் முடியும், குழாயை எடுத்துவிடுவார்.

டாக்டர் சென்னியப்பனிடம் விளக்கினார். நெஞ்சுக்குள் அறைகள் இருக்கின்றனவாம், நடுவில் கதவுகளாம். ரத்தம் முன்னால் போனதும் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். என் கதவு ஒட்டிச் சாத்தாததால் கொஞ்சம் ரத்தம் பின்னால் திரும்புகிறது. அது திரும்பும் சத்தம் குழாயில் கேட்கிறது.

“சத்தம் சின்னதுதான். ஆனா இவங்க சொல்ற சிரமமெல்லாம் பார்த்தா நோய் முத்தின மாதிரி இருக்கு. படுக்கையில வச்சுப் பார்க்கணும்” என்றார்.

சென்னியப்பன் வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினான். “மடையில பலகை சரியா உக்காராட்டி தண்ணி பின்வாங்குமில்லீங்களா, அதுதானுங்கம்மா” என்றான். பிறகு, “படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெண்கள் வார்டில் சுவரோரமாக எனக்கு ஒரு இரும்புக் கட்டில் கொடுத்தார்கள். தேங்காய் நார் மெத்தை. காலையில் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு நாள் இருட்டறையில் பலகையோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். உள்ளே இருக்கும் எலும்பு தெரியுமாம். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுத் தருவார்கள். ஒரு செடியின் இலையில் எடுத்தது, நெஞ்சு நிதானமாக அடிப்பதற்கு. அதைக் கொடுக்கும் முன்னால் நர்ஸம்மா கடியாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுவார். அதைக் குடித்ததிலிருந்து எனக்குக் குமட்டல். வெள்ளைச் சுவர்கூட மஞ்சளடித்துத் தெரிந்தது. நோய்தான் ஏறுகிறது என்று நினைத்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து அழுதேன்.

சாப்பாட்டில் உப்பு கூடாது என்றார்கள். மருமகள் செல்லம்மாள் தினமும் பஸ்ஸில் யாரிடமாவது தூக்குப்போசி கொடுத்துவிடுவாள். உப்பில்லாத சோளச்சோறும் கீரையும் இருக்கும். ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். இளைத்திருந்தாள்.

“நானும் உப்பில்லாமத்தானுங்க திங்கறேன், அத்தை. எந்தக் கீரை உப்பில்லாமத் தொண்டையில இறங்குதுன்னு பார்த்துத்தான் உங்களுக்குக் கொடுத்தனுப்பறது” என்றாள். பதினெட்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் அடுப்படியில் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குமட்டலும் பயமும் இருந்தாலும் அந்தக் கட்டில் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, நான் படுத்திருக்க மற்றவர்கள் தட்டு நீட்டியது அங்கேதான்.

பக்கத்துக் கட்டிலில் மாராத்தாள் என்று ஒரு பெண் இருந்தாள். இருபது வயது இருக்கலாம். புருஷன் மில்லில் வேலை, மில் லைன் வீட்டில் குடியிருப்பு. அவளுக்கும் என் நோய்தான், ஆனால் கதவு ரொம்பவும் கெட்டுப்போயிருந்தது. பிள்ளைப்பேற்றில் அது அதிகமாகிவிட்டது. பிறந்து நாலு மாதமான ஆண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வார்டுக்குள் குழந்தையை விடமாட்டார்கள். பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பி டம்ளரில் பீய்ச்சுவாள். பீய்ச்சினதைக் கொண்டுபோய்க் கொட்டும்போது அவள் முகத்தை நான் பார்க்கமாட்டேன்.

மில் சங்கு ஊதும்போதெல்லாம் அவள் சொல்லுவாள். “அவரு வேலைக்குப் போயாச்சுங்க. இனிமே கெழவிதான். அதுக்குக் கண்ணு தெரியாது பெரியம்மா. ஆட்டுப்பால்ல பாதி தண்ணி ஊத்திப்போட்டு, பையன் நெறையக் குடிச்சுட்டான்னும்பா.”

டாக்டர் வந்து கேட்டால் அவளுக்கும் ஒரே பதில்தான். “எப்படியிருக்கே?” “நல்லாருக்கறனுங்க.” பெரியவர்கள் கேட்டால் வேறென்ன சொல்வது? நம் ஊரில் சாகக் கிடப்பவர்கூட அதைத்தான் சொல்லுவார்.

ஒரு நாள் அவள் என்னைக் கேலி செய்தாள். “பெரியம்மா, உங்களை எமன் வந்து கூப்பிட்டாக்கூட ஆமாங்கன்னு எந்திரிச்சுப் பின்னாலயே போயிருவீங்க.”

“நீ நல்லாருக்கறனுங்கன்னு சொல்லியே அவனைத் திருப்பி அனுப்பிருவியாக்கும்” என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நுரையாகத் துப்பினாள். ஓரத்தில் சிவப்பாக இருந்தது. துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று டாக்டர் என்னைக் கேட்டாரே, அது என்ன என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன். விளக்கைத் தணித்ததும் படுப்பாள். சித்த நேரத்தில் தண்ணீருக்குள் அமுக்கியவளைப்போல் வாயைப் பிளந்துகொண்டு எழுவாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தன் தகரப்பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் தலையைச் சாய்த்து விடியும்வரை அப்படியே இருப்பாள். நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

“சொல்லீரு கண்ணு” என்றேன் ஒரு தடவை.

“சொன்னா விடமாட்டாங்க. நீங்களும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க, பெரியம்மா. எம் பையன் பட்டினியில செத்துப்போவான்.”

நான் வந்து பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, நச்சுக் காய்ச்சலில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வராண்டாவில் பாய்மேல் போட்டிருந்தார்கள். வார்டில் இடம் இல்லை. டாக்டர் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“ஒரு கட்டில் வேணும். உங்களுக்கு மூச்சு எப்படிம்மா? இன்னும் அடைக்குதா?”

“ஆமாங்க” என்றேன்.

அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு?”

“நல்லாருக்கறனுங்க. ராத்திரி நல்லாத் தூங்கினேனுங்க.”

அவர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். “சத்தம் பெருசாத்தான் இருக்கு. நீ சிரமமே இல்லேங்கறே” என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க பக்கத்துலயேதானே இருக்கீங்க. இந்தப் பொண்ணு படுத்துத் தூங்குதா?”

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மாராத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட அவள் கையைக்கூட எடுக்கவில்லை. கண்தான் கெஞ்சியது.

“ஆமாங்க” என்றேன்.

பழக்கத்தில் வந்ததா, அவள்மேல் இரக்கத்தில் வந்ததா, அல்லது அவளை இருக்கச் சொன்னால் என்னைப் போகச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் வந்ததா? அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது.

மத்தியானம் அவளுடைய புருஷன் வந்தார். மெலிந்த மனிதர், தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “போயிட்டு வாரேன் பெரியம்மா. நீங்களும் சீக்கிரம் ஊட்டுக்குப் போங்க” என்றாள். வாசல் வரைக்கும் நாலு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் அதைப் பார்க்கவில்லை, மருந்துப் புட்டி உடையாமல் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

காய்ச்சல்காரிக்குக் கட்டிலைத் தயார் செய்யும்போது நர்ஸம்மா மெத்தையைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் மலையாளத்துப் பெண், என்னை அம்மச்சி என்று கூப்பிடுவார். “படுத்தா நடுவுல பள்ளம் விழும். இது கால்மாட்டுலல்லே விழுந்திருக்கு?” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் நாடி எண்ணக் கையைப் பிடித்தபோது, கையை விடாமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தே இருந்ததையும் சொன்னேன், எனக்கு எந்த நாளும் மூச்சு முட்டாததையும் சொன்னேன்.

“ஈசுவரா! இப்பவா அம்மச்சி சொல்றது?” என்று கையை உதறிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றுவிட்டேன். அவர் திட்டவில்லை. “இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க” என்று, முதல் நாள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். “இல்லீங்க” என்று சொல்ல எனக்கு வியர்த்துக்கொட்டியது. வராண்டாவில் இரண்டு தடவை நடக்கவிட்டுப் பார்த்தார்.

“உங்களுக்குக் கசிவு ரொம்பக் கொஞ்சம். இந்தச் சொட்டு மருந்து வேண்டியதே இல்ல. குமட்டலும் மஞ்சளும் அதனாலதான்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சென்னியப்பன் என்னைப் பார்க்க வந்திருந்தான். மாராத்தாளைத் திரும்ப வரச்சொல்லி டாக்டர் அவனிடம் கடுதாசி கொடுத்து மில் லைனுக்கு அனுப்பினார். பொழுது சாயத் திரும்பி வந்தான்.

“கொழாயடியில கொடத்தோட நின்னுக்கிட்டிருந்துச்சுங்கம்மா அந்தப் புள்ளை. ஒதடெல்லாம் நீலமா இருந்துச்சு. டாக்டர் கூப்பிடறாருன்னேன். மாமியாக்காரி, ‘நல்லாயிருச்சுன்னுதானே ஆஸ்பத்திரியில அனுப்பிச்சாங்க, மறுக்கா என்னத்துக்கு?’ன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது? அந்தப் புள்ளை, ‘பையன் இப்பத்தான் மாரு புடிச்சுக் குடிக்கறானுங்கண்ணா, வெள்ளிக்கிழமை வாரேன்னு பெரியம்மாகிட்டச் சொல்லுங்க’ன்னுச்சு.”

நல்லாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி சொன்னதால்தான் அந்த வீட்டில் அவள் இடுப்பில் குடம் ஏறியது. அந்தப் பேச்சு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா வராண்டாவில் ஒரு கட்டிலைப் போட்டுத் துப்பட்டி விரித்து வைத்திருந்தார். உச்சிக்கு அவளுடைய புருஷன் மட்டும் வந்தார். தலையை மழித்திருந்தார். கையில் மருந்துப் புட்டி.

“இதுல பாதி இருக்குதுங்க. வேற யாருக்காச்சும் ஆகும்” என்று நர்ஸம்மாவிடம் நீட்டினார். “நேத்து வெடியால அடுப்புப் பத்தவைக்க உக்காந்தவ எந்திரிக்கலீங்க.”

என் கட்டிலுக்கு வந்தார். “உங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாளுங்க. நீங்க ஒத்தாசை பண்ணாம இருந்திருந்தா பையனைப் பார்க்காமயே போயிருப்பேன்னு சொன்னா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட என் கை எழவில்லை.

அடுத்த நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாரம் தூக்கக்கூடாது, மாதம் ஒரு முறை வந்து காட்டவேண்டும், பல் பிடுங்கினால் முன்கூட்டியே சொல்லவேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். போக எழுந்தவரை நிறுத்தி, என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு அந்நிய ஆணிடம் கேள்வி கேட்டேன்.

“அன்னைக்கு நான் உள்ளதைச் சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பாளுங்களா?”

குழாயைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். “அந்தக் கதவை மாத்தற வைத்தியம் உலகத்துலயே கிடையாதும்மா. இங்கே இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம், இரண்டு மாசம். அதுவும் படுக்கையில” என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். குழந்தையில்லாமல் இரண்டு மாதமா, குழந்தையோடு எட்டு நாளா என்று எடை போட நான் யார்? அதை அவளும் டாக்டரும் பேசி முடிவு செய்திருக்கவேண்டும். அவர்கள் பேசமுடியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான்.

பஸ்ஸுக்குப் போகும் முன்னால் மில் லைனுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சென்னியப்பன் வேண்டாம் என்றான். நான் நடக்க ஆரம்பித்ததும் கூடவே வந்தான்.

ஒற்றை அறை வீடு. கண் தெரியாத மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஆட்டுப்பால் கிண்ணம், அதில் ஈ. யார் என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் என்று சொன்னேன்.

“உங்களுக்கும் அதே சீக்குன்னு சொன்னாளே. தேவலைங்களா?”

“அம்மா நல்லாருக்காங்க” என்று சென்னியப்பன் சொன்னான்.

“இருங்க, நல்லாருங்க. சித்த இவனப் புடிங்க, எனக்குக் கை மரத்துப்போச்சு.”

குழந்தையை வாங்கினேன். ஒரு கோழிக் கனம்தான் இருந்தது. அது என் சேலைக்குள் முகத்தை நுழைத்து, வற்றிப்போன என் மாரில் வாயை வைத்துத் தேடியது. கிடைக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டியது. சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழந்தை வாயைச் சப்பும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அந்தக் கிழவி சொன்னாள்: “கூச்சப்படாதீங்க, சும்மா விடுங்க. மூணு நாளா யாரு எடுத்தாலும் இப்படித்தான் தேடறான்.”